பள்ளிக்கூட வாசலில் பிறந்த கட்சிகள்: ஐரோப்பிய மரபுவாதமும் அதன் சமய வேர்களும்

மருதன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

நெதர்லாந்தில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகளைப் பள்ளியில் சேர்க்க அலைந்த நாட்களில்தான் இந்த நாட்டின் அரசியல் எனக்குப் பிடிபட்டது. வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் மூன்று தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன: நகராட்சிப் பள்ளி ஒன்று, கத்தோலிக்கப் பள்ளி ஒன்று, புராட்டஸ்டன்ட் பள்ளி ஒன்று. மூன்றுக்கும் அரசு ஒரே அளவுகோலில் பணம் தருகிறது. நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படிச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்துபவை. முஸ்லிம்கள் நடத்தும் பள்ளிகள் உண்டு. சுரினாமிலிருந்து வந்த இந்துக்கள் நடத்தும் பள்ளிகளும் உண்டு. அரசமைப்பின் 23-ஆம் பிரிவு இதற்கு உறுதி அளிக்கிறது.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் ஒரு கட்சியின் கதை கிடைத்தது. அதைச் சொல்லவே இந்த இழை.

வலதுசாரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் கன்சர்வேட்டிவ் கட்சி. அவர்களிடம் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். பெருநிலக்கிழார்கள், அரண்மனை, அரசரைத் தலைவராகக் கொண்ட திருச்சபை என்று அந்தப் படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கண்டத்து ஐரோப்பாவுக்கு அந்தப் படம் பொருந்தாது. அங்கே நூறாண்டு தாண்டி நிலைத்த மரபுவாதக் கட்சிகளில் முக்கியமானவை அரசோடு மல்லுக்கு நின்ற பக்தர்களால் உருவானவை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை முன்னிட்டு.

1847-இல் குரூன் வான் பிரின்ஸ்டரர் என்ற நெதர்லாந்து வரலாற்றாசிரியர் தம் சொற்பொழிவுகளை 'அவநம்பிக்கையும் புரட்சியும்' என்று நூலாக்கினார். பிரெஞ்சுப் புரட்சியின் கொலைகளைக் காட்டிலும், மனித அறிவுக்கு மேலே எதுவும் இல்லை என்ற அதன் அடிப்படையே அவரை உறுத்தியது. கடவுளை விலக்கிய இடத்தில் அரசு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் தங்களைப் 'புரட்சி எதிர்ப்பாளர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். பெயரைக் கேட்டதும் மன்னராட்சியை மீட்கக் கிளம்பிய கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் கேட்டது, தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் நம்பிக்கையின்படி கல்வி கொடுக்கும் உரிமை.

அந்தக் கேள்வியை ஓர் இயக்கமாக மாற்றியவர் ஆபிரகாம் கைப்பர் (1837–1920). லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அன்றைய நவீனப் போக்குடைய இளம் போதகராக 1863-இல் பேஸ்ட் என்ற சிற்றூருக்கு வந்தார். அங்கே மாவரைக்கும் ஆலைக்காரரின் மகள் பீட்யே பால்டஸ், "உம் போதனை சரியில்லை" என்று கோயிலுக்கு வர மறுத்தாள். கைப்பர் அவள் வீட்டுக்கே போனார். கைகுலுக்கக்கூட அவளுக்கு மனமில்லை. படித்த போதகர், படிக்காத அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பப் போய், பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் பழைய போதனையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசிக் காலம் வரை அவளை நன்றியோடு நினைவுகூர்ந்தார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். ஒரு நாட்டின் அரசியல் மரபு, ஓர் ஆலைக்காரர் மகளின் பிடிவாதத்தில் தொடங்குகிறது.

1872-இல் 'டி ஸ்டாண்டார்ட்' நாளிதழைத் தொடங்கினார். 1878-இல் கப்பெய்னெ என்ற தாராளவாதத் தலைவரின் அரசு புதிய பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. எல்லாப் பள்ளிகளும் கட்டடத்தையும் ஆசிரியர் தகுதியையும் உயர்த்த வேண்டும். நகராட்சிப் பள்ளிக்கு அரசு உதவும். சமயப் பள்ளிகள் தாங்களே பணம் தேடிக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடு போட்ட சட்டமாகவே இருக்கலாம். ஆனால் ஏழைப் பெற்றோர் சேர்த்து வைத்த காசில் நடந்த பள்ளிகளுக்கு அது தூக்குக்கயிறு. அரசரிடம் மனு கொடுக்க ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். புராட்டஸ்டன்ட்டுகள் மூன்று லட்சத்துக்கு மேல், கத்தோலிக்கர் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது; கையெழுத்திட்டவர்களின் தொகை நாட்டின் மொத்த வாக்காளர் தொகையை மிஞ்சியது. அரசர் மூன்றாம் வில்லெம் மனுவை வாங்கிக்கொண்டார்; சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

மறு ஆண்டே, 1879-இல், புரட்சி எதிர்ப்புக் கட்சி தோன்றியது. நெதர்லாந்தில் முறையாக அமைக்கப்பட்ட முதல் அரசியல் கட்சி அது. வாக்கில்லாத எளியவர்களைக் கைப்பர் 'சிறு மக்கள்' என்று வாஞ்சையோடு அழைத்தார். அவர்கள்தான் கட்சியின் முதுகெலும்பு. 1880-இல் ஆம்ஸ்டர்டாமில் அரசுக்கும் கட்டுப்படாத, திருச்சபைக்கும் கட்டுப்படாத சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தபோது அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'தன் வட்டத்தில் தன் ஆட்சி' என்ற பொருள் தருவது. குடும்பம், பள்ளி, தொழில், திருச்சபை ஒவ்வொன்றும் தன் அதிகாரத்தைக் கடவுளிடமிருந்து நேரே பெறுகிறது, அரசு கொடுத்ததல்ல, ஆகவே அரசு பறிக்கவும் முடியாது என்பது அதன் சாரம்.

முந்நூறு ஆண்டுப் பகையை மறந்து, கத்தோலிக்கக் குருவும் கவிஞருமான ஸ்காப்மனோடு கைகோத்தார். 1888-இல் இரு தரப்பும் சேர்ந்து முதல் கூட்டணி அரசை அமைத்தன. 1901-இல் கைப்பரே பிரதமரானார். முழு நிதிச் சமத்துவம் 1917-இல்தான் வந்தது. தாராளவாதிகளும் சோசலிஸ்டுகளும் கேட்ட ஆண்களுக்கான பொது வாக்குரிமையும், சமயக் கட்சிகள் கேட்ட பள்ளி நிதியும் ஒரே உடன்பாட்டில் அரசமைப்பில் ஏறின.

மரபுவாதத்தின் சமய வேர் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மாற்றுக் கருத்துகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'பழமைவாதம்' தமிழில் ஏறக்குறைய வசைச்சொல்லாகவே வழங்குகிறது. மருதன் 'மரபுவாதம்' என்கிறார். இந்த இழையில் இரண்டையும் ஒரே பொருளில் கொள்வோம். சொல்லை வைத்துச் சண்டை வேண்டாம்.

செங்கதிர் எழுதியது:

மருதன், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கதையின் ஒளி விழுந்த பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள்.

ஜோசப் டி மேஸ்ட்ர் எங்கே? 1797-இல் அவர் எழுதியது பிரெஞ்சுப் புரட்சியைக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று வாதிட்ட நூல். பின்னாளில், சமூகம் குலையாமல் நிற்பதற்குத் தூக்கிலிடுபவனே அடித்தளம் என்ற அளவுக்குப் போனவர் அவர். லூயி டி பொனால் எங்கே? மன்னராட்சி மீண்டதும் 1816-இல் அவர் முன்னின்று மணமுறிவுச் சட்டத்தை ஒழித்தார். 1884 வரை, அறுபத்தெட்டு ஆண்டுகள், பிரெஞ்சுப் பெண்கள் சட்டப்படி மணவிலக்குப் பெற முடியவில்லை. இதுவும் சமய வேர்தான்.

ஆஸ்திரியாவுக்கு வாருங்கள். கார்ல் லூகர் 1897 முதல் 1910 வரை வியன்னாவின் மேயர். கிறிஸ்தவ சோசலிசக் கட்சியின் தலைவர். குடிநீர், டிராம், எரிவாயு என்று நகரை வளர்த்தார் என்பார்கள். வாக்குக்காக யூத வெறுப்பை மேடைதோறும் விதைத்தவரும் அவரே. அதே கட்சியைச் சேர்ந்த ஆட்சித்தலைவர் டோல்ஃபுஸ் 1933-இல் நாடாளுமன்றத்தை முடக்கினார். 1934 பிப்ரவரியில் வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புகள் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள். மே மாதம் வந்த புதிய அரசமைப்பு, எல்லா உரிமையும் எவரிடமிருந்து புறப்படுகிறதோ அந்த எல்லாம் வல்ல கடவுளின் பெயரால் என்று தொடங்குகிறது. பள்ளிக்காக மனு கொடுத்தவர்களும் பக்தர்கள், பீரங்கி வைத்தவர்களும் பக்தர்கள்.

கைப்பரையும் விடுவதற்கில்லை. 1903-இல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு ஊழியரும் ரயில்வே ஊழியரும் வேலைநிறுத்தம் செய்வதையே குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் யார்? 'சிறு மக்கள்' என்று வாஞ்சையோடு அழைத்த அதே மனிதர்தான்.

'தன் வட்டத்தில் தன் ஆட்சி' கடல் கடந்து தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. 1948-இல் நிறவெறி ஆட்சியைத் தொடங்கிய பிரதமர் மலான், திருச்சபைப் போதகராக இருந்தவர். நெதர்லாந்தின் ஊட்ரெக்டில் இறையியல் முனைவர் பட்டம் பெற்றவர். ஆப்பிரிகானர் இறையியலாளர்கள் கைப்பரின் வட்டங்களில் இனத்தையும் ஒரு வட்டமாகச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் அப்படிப்பட்ட சிந்தனையின் நிழலில் வளர்ந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தது அந்தச் சட்டத்தால்தான்.

அருளப்பன் எழுதியது:

செங்கதிர் தம்பி சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். இளமையில் சில ஆண்டுகள் குருமடத்தில் படித்தவன் நான். எங்கள் திருச்சபையின் வரலாற்றுக் கறைகளை வெளியார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்கக் கதையில் ஒரு பாதி விடுபட்டது. நிறவெறியை எதிர்த்த போதகர் ஆலன் பூசாக்கும் அதே கைப்பரைத்தான் மேற்கோள் காட்டினார். மனித வாழ்வில் ஓர் அங்குல இடம்கூடக் கிறிஸ்து 'என்னுடையது' என்று உரிமை கொண்டாடாததாக இல்லை என்று 1880 உரையில் கைப்பர் சொன்னாரே, அந்த அங்குலத்துக்குள் கறுப்பர் வாழும் சேரியும் அடக்கம் என்று திருப்பிக் கேட்டார்கள். நிறவெறியை மறுத்து 1982-இல் எழுதப்பட்ட பெல்ஹார் அறிக்கை அந்த மரபுக்கு உள்ளிருந்தே எழுந்த குரல்.

சரி, ஜெர்மனிக்கு வருகிறேன். மருதனின் கருத்துக்கு வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது.

1871-இல் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் ஜெர்மனியை ஒன்றாக்கியதும் கத்தோலிக்கர் மீது பாய்ந்தார். பிரசங்க மேடையில் அரசியல் பேசினால் சிறை. 1872-இல் இயேசு சபையாருக்குத் தடை. 1873-இன் மே மாதச் சட்டங்கள், குருக்களை யார் பயிற்றுவிப்பது, யார் நியமிப்பது என்பதையெல்லாம் அரசின் கைக்குள் கொண்டுவந்தன. போசன் பேராயர் லெடுகோவ்ஸ்கியும் கொலோன் பேராயர் மெல்கர்ஸும் 1874-இல் சிறைக்குப் போனார்கள். ஊர்களில் குருவானவர் இல்லை, திருப்பலி இல்லை, சாகக் கிடப்பவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசி மன்றாடும் அவஸ்தை பூசுதல் இல்லை. அவஸ்தை பூசப்படாமல் ஒருவர் இறந்துபோவது என்றால் என்னவென்று எங்கள் கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

விளைவு என்ன? கத்தோலிக்கரின் சென்ட்ரும் என்ற மையக் கட்சி ஒரே தேர்தலில் 63 இடங்களிலிருந்து 91 இடங்களுக்கு வளர்ந்தது. அதன் தலைவர் விண்ட்ஹோர்ஸ்ட், ஹானோவர் நாட்டின் முன்னாள் அமைச்சர். குள்ள உருவம், பார்வை மங்கிய கண்கள். வாதத்தில் பிஸ்மார்க்கைத் திணறடித்தவர். 1878-இல் சோசலிஸ்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது, 'நேற்று எங்களுக்குச் செய்ததை இன்று அவர்களுக்குச் செய்கிறீர்கள்' என்ற உணர்வோடு மையக் கட்சி எதிர்த்தே வாக்களித்தது. கடவுள் இல்லை என்பவர்களின் உரிமைக்காகக் கத்தோலிக்கர் நின்ற நாள் அது. செங்கதிர் தம்பி இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெல்ஜியத்திலும் இதே கதைதான். 1879-இல் பள்ளிகளிலிருந்து சமயக் கல்வியை அரசு விலக்கியது. கத்தோலிக்கர் ஊர் ஊராகத் தாங்களே பள்ளி கட்டினார்கள். 1884 தேர்தலில் வென்ற கத்தோலிக்கக் கட்சி முதல் உலகப் போர் வரை தனித்து ஆண்டது.

நூலகன் எழுதியது:

கத்தோலிக்கரும் நெதர்லாந்துக் கால்வினியரும் சரி. பிஸ்மார்க்கின் பிரஷ்யாவில் இருந்த லூத்தரன்கள், அதாவது மார்ட்டின் லூதர் வழிப் புராட்டஸ்டன்ட்டுகள்? அங்கே அரசரே திருச்சபைத் தலைவர். அங்கே மரபுவாதம் அரண்மனையில் பிறந்ததாகத்தானே கொள்ள வேண்டும்?

மருதன் எழுதியது:

பெருமளவு உண்மை, நூலகன். ஆனால் பிரஷ்யாவிலும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஹாலே நகரம் நினைவிருக்கிறதா? சடங்கை விட மனமாற்றமே முக்கியம் என்ற பக்தி இயக்கத்தின் தலைநகர் அது. நமக்கு அந்த இயக்கம் அச்சுக்கூடத்தையும் தமிழில் அச்சேறிய புதிய ஏற்பாட்டையும் கொடுத்தது. நூறாண்டு கழித்து, நெப்போலியன் போர்களுக்குப் பின், அதே பக்தியின் இன்னொரு அலை பொமரேனியாவின் நிலக்கிழார் வீடுகளில் எழுந்தது. கூடத்தில் வேலையாட்களோடு சேர்ந்து உட்கார்ந்து வேதம் வாசித்தார்கள். பிஸ்மார்க்கின் மனைவி யொஹான்னா அந்த வட்டத்துப் பெண். பிஸ்மார்க்குக்கு இறைநம்பிக்கை வந்ததும் அந்த வீடுகளில்தான்.

அந்த வட்டத்தின் நீதிபதி லுட்விக் வான் கெர்லாக். 1848 புரட்சியின்போது 'சிலுவை நாளிதழ்' என்று மக்கள் அழைத்த பத்திரிகையைத் தொடங்கிய குழுவில் முன்னின்றவர். அரசரைவிடத் தீவிர அரசபக்தர் எனலாம். 1866-இல் பிஸ்மார்க் ஹானோவரையும் மற்றச் சிறு நாடுகளையும் விழுங்கியபோது, தாம் அரசியலில் வளர்த்த பிள்ளையையே எதிர்த்து எழுதினார். 'திருடாதே' என்ற கட்டளை அரசுகளுக்கும் பொருந்தும் என்பது அவர் வாதத்தின் உயிர். நண்பர்கள் எல்லாரும் விலகினார்கள். முதிர்ந்த வயதில், லூத்தரனாகவே இருந்துகொண்டு, கத்தோலிக்கரின் மையக் கட்சி அணியில் விருந்தினராகப் போய் அமர்ந்தார். 1877-இல் பெர்லின் வீதியில் வண்டி மோதி இறந்தார்.

கெர்லாக் தனிமரம். அவருடைய வகுப்பினரில் பெரும்பாலோர் பிஸ்மார்க்கோடு போனார்கள்; அவர்களுடைய வாரிசுகள் 1933 ஜனவரியில் ஹிட்லரின் முதல் அமைச்சரவையில் பங்காளிகளாக அமர்ந்தார்கள். அரசை எதிர்த்துப் பழகாத மரபுவாதம் அரசு கெட்டபோது உடன் கெட்டது என்றே நினைக்கிறேன்.

செங்கதிர் எழுதியது:

அரசை எதிர்த்துப் பழகிய மையக் கட்சி மட்டும் கெடவில்லையா? 1933 மார்ச் 23. ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டம். எதிர்த்து வாக்களித்தவர்கள் 94 பேர். அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டுகள் ஏற்கெனவே சிறையிலும் தலைமறைவிலும் இருந்தார்கள். மையக் கட்சி ஒட்டுமொத்தமாக ஆதரித்தது. கட்சித் தலைவர் காஸ் ஒரு குருவானவர். ஜூலை 5-இல் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20-இல் வத்திக்கான் ஹிட்லர் அரசோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. உங்கள் கருத்துப்படி இது நடந்திருக்கவே கூடாது, மருதன். பள்ளிக்கூடங்களையும் சங்கங்களையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற ஆசைதானே அவர்களை அந்த வாக்குக்கு இழுத்தது? தன் வட்டத்தை மட்டும் காப்பவன், பக்கத்து வட்டம் எரியும்போது வேடிக்கை பார்ப்பான்.

அருளப்பன் எழுதியது:

அந்த வாக்குக்கு என்னிடம் சமாதானம் இல்லை. கட்சிக்குள் முன்னாள் ஆட்சித்தலைவர் ப்ரூனிங் போன்றவர்கள் தயங்கினார்கள். கட்சிக் கட்டுப்பாட்டுக்காக இணங்கினார்கள். கத்தோலிக்க வாக்காளர்கள் 1932 தேர்தல்களில் நாஜிகளை விட்டு விலகியே நின்றார்கள் என்பது வாக்குக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. மக்கள் நின்ற இடத்தில் தலைவர்கள் நிற்கவில்லை.

நெதர்லாந்தில் வேறுவிதமாக நடந்தது. 1942 ஜூலையில், யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்த கடிதத்தைக் கத்தோலிக்க ஆயர்கள் கோயில்களில் வாசிக்கச் செய்தார்கள். பழிக்குப் பழியாக, யூதக் குடும்பங்களில் பிறந்து கத்தோலிக்கரானவர்களை நாஜிகள் பிடித்துப் போனார்கள். துறவி எடித் ஸ்டைன் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டது அப்போதுதான். கைப்பரின் கட்சி வழிவந்தவர்கள் 1943-இல் 'ட்ரௌ' என்ற தலைமறைவுப் பத்திரிகையை நடத்தினார்கள். அதை விநியோகித்தவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.

யாழ்வாணி எழுதியது:

இரண்டு நாட்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். நான் வரலாறு படித்தவள் அல்ல, மருத்துவத் தாதி. ஆனால் நீங்கள் பேசும் மரபின் கையிலேதான் நான் வளர்ந்தேன் என்று இப்போது தெரிகிறது.

1985-இல் பெற்றோரோடு ஜெர்மனிக்கு அகதியாக வந்தோம். எனக்கு வயது ஆறு. எங்களுக்குப் படிவங்கள் நிரப்பித் தந்தது புராட்டஸ்டன்ட் திருச்சபையின் தியாகோனி அலுவலகம். தம்பி போன பாலர் பள்ளியைக் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தியது. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில். செலவை அரசு கொடுத்தது. ஆட்கள் திருச்சபையின் ஆட்கள். அரசும் கோயிலும் ஒன்று என்றே அப்பா பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தார்.

அது ஏன் அப்படி என்பதைப் பின்னர் வேலையில் சேர்ந்தபோது சொல்லித் தந்தார்கள். சிறிய அமைப்பு செய்யக்கூடிய வேலையைப் பெரிய அமைப்பு பறிக்கக் கூடாது என்ற கோட்பாடு. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில் அது இருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் முதல் ஆட்சித்தலைவர் அடனாவரின் அரசு 1961-இல் சமூக உதவிச் சட்டம் கொண்டுவந்தபோது அதை உள்ளே வைத்தது: காரித்தாஸ் (கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு), தியாகோனி போன்ற அமைப்புகள் செய்ய முன்வந்தால் அவற்றுக்கே முதலிடம், பணம் அரசுடையது. நகராட்சிகள் வழக்குப் போட்டன. 1967-இல் அரசமைப்பு நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. வேலைக்கு வந்த வெளிநாட்டவரைக்கூடச் சமயப்படி பங்கிட்டிருந்தார்கள்: இத்தாலியரும் ஸ்பானியரும் காரித்தாஸுக்கு, கிரேக்கர் தியாகோனிக்கு, துருக்கியர் தொழிலாளர் நலச் சங்கத்துக்கு. சைவர்களான எங்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்றவர்கள் என்று உள்ளே எடுத்தார்கள்.

அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்த தோழி ஒருத்தி, கத்தோலிக்கப் பெண், மணமுறிவு பெற்று மறுமணம் செய்தாள். திருச்சபை நடத்திய அந்த ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. அவளுடைய சம்பளமும் பொதுமக்களின் காப்புறுதிப் பணத்திலிருந்துதான் வந்தது. 2022-இல்தான் ஜெர்மன் ஆயர்கள் விதியை மாற்றி, ஊழியரின் அந்தரங்க வாழ்க்கை வேலைக்குத் தடையாகாது என்றார்கள். என் தோழிக்கு அது உதவவில்லை. சிறிய வட்டத்தைப் பெரிய வட்டத்திடமிருந்து காப்பாற்றுகிறீர்கள், நல்லது. வட்டத்துக்குள்ளே இருக்கிற தனி ஆளை யார் காப்பாற்றுவது?

கயல் எழுதியது:

யாழ்வாணி அக்கா, நீங்கள் கேட்ட கேள்விதான் என்னுடையதும்.

கைப்பர் 1890-களில் வாக்குரிமையை விரிவாக்க வேண்டும் என்று சொந்தக் கட்சியின் மேட்டுக்குடியினரோடு சண்டையிட்டார், கட்சி உடைந்தது. ஆனால் அவர் கேட்டது குடும்பத் தலைவனுக்கு வாக்கு. சமூகத்தின் அடிப்படை அலகு குடும்பம், தனி மனிதன் அல்ல என்ற நம்பிக்கையின் நேரடி விளைவு அது. மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து அப்பா வாக்களிப்பார். அவருக்குக் கைகுலுக்க மறுத்துப் பாடம் சொன்ன பீட்யே பால்டஸுக்கு வாக்கு இல்லை! இன்றும் அதே கால்வினிய மண்ணில், 1918-இல் தொடங்கிய சீர்திருத்த அரசியல் கட்சி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. பெண்களை வேட்பாளராக்க மாட்டோம் என்றே இருந்தது. 2010-இல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்ற பிறகு 2013-இல்தான் விதியைத் தளர்த்தினார்கள்.

மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, வீட்டுக் கடமைக்கு இடையூறு இல்லாதபோதுதான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. 1950-களில் பிள்ளைகள் விஷயத்தில் கணவனின் சொல்லே முடிவு என்ற பிரிவைக் காப்பாற்ற அடனாவரின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி போராடியது. எதிர்த்துப் பேசியவர் அதே கட்சியின் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்ஹௌப்ட், சட்டம் படித்த புராட்டஸ்டன்ட் பெண். 1959-இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது. 1961-இல் கட்சிக்கு ஒரு பெண் அமைச்சர் தேவைப்பட்டபோது அவரைத்தான் அழைத்தார்கள். நாட்டின் முதல் பெண் மத்திய அமைச்சர் அவர்.

நெதர்லாந்தின் முதல் பெண் அமைச்சரும் கத்தோலிக்கக் கட்சிக்காரர்தான்: மார்கா க்ளோம்பே, 1956. ஏழைகளுக்கான உதவியைத் திருச்சபைகளின் தயவிலிருந்து எடுத்துச் சட்டப்படியான உரிமையாக்கியவர் அவர். 1965-இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேசை மேல் ஒரு பூங்கொத்து வைக்கவும் அந்தப் பணம் போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். பசித்தவருக்குச் சோறு போதும் என்று நினைத்த தலைமுறைக்கு முன்னால் நின்று பூவுக்கும் கணக்குச் சொன்னார். மருதன் அண்ணா, உங்கள் கைப்பரை விட எனக்கு இவர் பெரியவர்.

அருளப்பன் எழுதியது:

கயல், நல்ல இடத்தில் கை வைத்தாய் அம்மா. அந்தச் சுதந்திரப் பல்கலைக்கழகத்துக்கே பிற்காலத்தில் பணம் சேர்த்தவர்கள் வீட்டுப் பெண்கள்தான். சமையலறையில் தகர உண்டியல் வைத்துச் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயில் பானையில் போட்டுவைப்பார்களே, அதைப் போல. கணக்கேடுகளில் அவர்கள் பெயர் இருக்காது.

பிரான்சைப் பற்றி ஒரே ஒரு செய்தி. அங்கே இப்படி ஒரு கட்சி ஏன் நிலைக்கவில்லை? சமயத்தை மன்னராட்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். குடியரசை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1892-இல் சொன்னார்; பாதிப் பேர் கேட்கவில்லை. பிறகு மன்னராட்சியை விரும்பிய எழுத்தாளர் ஷார்ல் மோராஸ் வந்தார். அவருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. ஆனால் நாட்டை ஒழுங்காக வைத்திருக்கத் திருச்சபை உதவும் என்றார். சமயத்தை வேலைக்காரியாக வைத்துக்கொள்ளும் அந்த எண்ணத்தை 1926-இல் திருத்தந்தை கண்டித்தது மிகச் சரி. நம்பிக்கை இல்லாமல் சிலுவையைக் கொடியில் மாட்டிக்கொள்ளும் அரசியலை இன்று ஐரோப்பாவில் காணும்போதெல்லாம் எனக்கு மோராஸ் நினைவு வருகிறார்.

ஆனால் பள்ளி என்று வந்தால் பிரான்சும் எழுந்து நிற்கும். 1984 ஜூன் 24, பாரிஸ் தெருக்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர். தனியார் பள்ளிகளை அரசுக் கல்வியோடு இணைக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் மித்தரான் திரும்பப் பெற்றார். பிரதமர் மொருவா பதவி விலகினார்.

நூலகன் எழுதியது:

கோயில்கள் காலியாகிவிட்ட ஐரோப்பாவில் இந்த மரபு இனி எதன் மீது நிற்கும்?

மருதன் எழுதியது:

நூலகன் கேள்விக்கு முன்னால் ஒரு கடன் தீர்க்க வேண்டும். செங்கதிரும் யாழ்வாணியும் கயலும் சொன்னதை வைத்துப் பார்த்தால், முதல் பதிவில் நான் சொன்னது பாதிதான். அரசை எதிர்த்து நின்றது அந்த மரபுக்கு முதுகெலும்பு தந்தது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் 1933-ஐ அதனால் விளக்க முடியவில்லை. தன் பள்ளிக்காகப் போராடுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனுக்காகவும் போராடுவான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. விண்ட்ஹோர்ஸ்ட் 1878-இல் நின்றார். காஸ் 1933-இல் நிற்கவில்லை. இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதம்தான்.

எண்களைச் சொன்னால் நூலகனுக்கு ஓரளவு விடை கிடைக்கும். கைப்பரின் கட்சியும் கத்தோலிக்கக் கட்சியும் இன்னொரு புராட்டஸ்டன்ட் கட்சியும் 1980-இல் ஒன்றாகி, 1986-இல் 150 இடங்களில் 54 வென்றன. 2023 நவம்பரில் அதே கட்சிக்குக் கிடைத்தவை 5. ஞாயிறு வழிபாட்டுக்கு ஆள் குறைந்ததும் கட்சியும் சுருங்கியது. பள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. என் மகள் படிப்பது புராட்டஸ்டன்ட் பள்ளியில். அவள் வகுப்பில் வாரந்தோறும் கோயிலுக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களில் ஒருத்தியின் பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் பள்ளியின் பெயரிலிருந்து 'கிறிஸ்தவ' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. டச்சுப் பெற்றோர் பலர் சரி என்றார்கள். வேண்டாம் என்று எழுந்தவர் அந்தக் கானா நாட்டுத் தாய். பேச்சு முடியவில்லை, அடுத்த மாதம் வாக்கெடுப்பு. எனக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. இந்த இழையைத் தொடங்கியபோது அதை எப்படிப் போடுவது என்று தெளிவாக இருந்தேன். இப்போது அந்தத் தாயிடம் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.